கருவேலனை வரைந்தவன்

பார்கவி மாஸ்டரிடம் ஜூடோ படித்தவர்களில் சவரிமுத்துதான் வயதில் மூத்தவன். மாஸ்டரே அவனைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். மற்ற மாணவர்கள் அவனை அங்கிள் என்றார்கள். மாஸ்டர் மட்டும் சார் என்று கூப்பிட்டார்.

ஓசூரில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றின் மாடியில் அந்தப் பள்ளி நடந்தது. முன்பு அங்கே ஒரு ஜிம் இருந்தது, அதை மூடிவிட்டார்கள். அவர்கள் பதித்த கண்ணாடி ஒரு பக்கச் சுவர் முழுக்க அப்படியே இருந்தது. கீழே இருந்து பசை வாடை மாடிவரை ஏறி வரும்.

சேர வந்த அன்று, இந்த வயதில் எதற்கு என்று மாஸ்டர் கேட்டார். உடம்பு கனத்துவிட்டது, ஏதாவது பயிற்சி செய்யும்படி டாக்டர் சொன்னார் என்றான் சவரிமுத்து.

“வாக்கிங் போகலாமே சார்.”

“போனேன் மாஸ்டர். அலுத்துப்போச்சு.”

மாஸ்டர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய பார்வை போகும் இடத்தைப் பார்த்தார். தரையில் விரித்திருந்த ரப்பர் மேட்டின் மேல் இரண்டு பேர் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். சவரிமுத்து அவர்களுடைய முழங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். தான் சொன்னதை மாஸ்டர் நம்பவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனாலும் மறுநாளிலிருந்து வரச் சொன்னார்.

அவன் சொன்னது பொய்தான்.

சவரிமுத்து ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவன். சண்டை சச்சரவுக்குப் போகாதவன். சில வருஷங்களுக்கு முன்பு பஸ் ஸ்டாண்டில் ஒருவன், தன் பைக்கில் பை உரசிவிட்டது என்று அவனை அறைந்தான். மனைவி செலின் பக்கத்திலேயே நின்றிருந்தாள். சவரிமுத்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். செலின் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் பேசாததுதான் அவனை அரித்தது. அவள் மனதுக்குள் என்ன நினைத்திருப்பாள் என்ற சந்தேகம் அன்று புகுந்தது, பிறகு போகவேயில்லை.

அந்தச் சமயத்தில்தான் போனில் ஜப்பான் சண்டைப் படக்கதைகளைப் படிக்க ஆரம்பித்தான். அதில் வருபவர்கள் நம் ஊர் சினிமாவில் வருபவர்களைப்போல நியாயம் பேசுவதில்லை. தங்கைக்காகவோ ஊருக்காகவோ அடிப்பதும் இல்லை. எதிரே நிற்பவனை உடைக்க முடியும், அதனால் உடைக்கிறார்கள். விழுந்தவன் கெஞ்சும்போது அவர்கள் இமைப்பதுகூட இல்லை. ஒரு பக்கம் முழுக்க ஒரு முழங்கை, மடங்கக்கூடாத திசையில் மடங்கியிருக்கும். அடுத்த பக்கம் முழுக்க அடித்தவனின் முகம். அந்த முகத்தில் ஒன்றும் இருக்காது.

அந்த ஒன்றுமில்லாத முகத்தைத்தான் சவரிமுத்து திரும்பத் திரும்பப் பார்த்தான். பார்க்கப் பார்க்க நெஞ்சில் இருந்த படபடப்பு அடங்கியது.

பிறகு தானே வரைய ஆரம்பித்தான். அவனுடைய சண்டைக்காரனுக்குக் கருவேலன் என்று பெயர் வைத்தான். வேறு பெயரில் இணையத்தில் வாராவாரம் வெளியிட்டான். பத்திரிகை அடிக்க வந்த வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் கருவேலனைப் பற்றிப் பேசிக்கொண்டதை ஒருநாள் கேட்டான். மணமக்கள் பெயரைத் திருத்திக்கொண்டே தனக்குள் சிரித்துக்கொண்டான்.

ஆனால் படங்களில் குறை சொல்பவர்களும் இருந்தார்கள். பிடி சரியில்லை, கை அப்படி உடையாது, வரைபவன் ஒரு சண்டையைக்கூட நேரில் பார்த்திருக்கமாட்டான் என்று எழுதினார்கள். அது அவனைச் சுட்டது. அதனால்தான் ஜூடோவுக்கு வந்தான்.

வேறு பள்ளிகளும் ஊரில் இருந்தன. பார்கவி மாஸ்டரைத் தேடி வந்ததற்குக் காரணம், அவரைப் பற்றி நடமாடிய ஒரு பேச்சு.

அதை முழுசாகச் சொன்னவன் முனிராஜ். கால் டாக்ஸி ஓட்டுபவன். பயிற்சியில் சவரிமுத்துவின் ஜோடி அவன்தான். மாஸ்டர் போட்டிகளில் இருந்த காலத்தில், வடக்கே எங்கோ ஒரு பந்தயத்தில், எதிராளி தோற்றுவிட்டேன் என்று சைகை காட்டிய பிறகும் விடாமல் கையை உடைத்துவிட்டாராம். அதன்பின் அவர் போட்டிப் பக்கமே போகவில்லையாம். இன்னொரு மாணவர், உடைந்தது கை இல்லை, முழங்கால் என்றார். டீக்கடையில் ஒருவர், தோற்ற அந்தப் பெண்ணால் இன்றைக்கும் கழுத்தைத் திருப்ப முடியாது என்றார்.

சவரிமுத்து எல்லாவற்றையும் நம்பினான்.

மாஸ்டரைப் பார்த்தால் அந்தப் பேச்சுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. அதிகம் பேசமாட்டார். முடியைக் கழுத்துக்கு மேல் கத்தரித்திருந்தார். எதிரே நிற்பவரின் சட்டையைப் பிடிக்குமுன் தன் இடது சட்டைக்கையின் மடிப்பை ஒருமுறை ஏற்றிவிட்டுக்கொள்வார். அப்போது அவர் முகத்தில் கோபமோ உற்சாகமோ எதுவும் தெரியாது. அந்த முகத்தை அவன் போனில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான்.

ஆனால் அவர் சொல்லிக்கொடுத்ததெல்லாம் விழுவது எப்படி என்பதுதான். பக்கவாட்டில் விழுவது. பின்னால் விழுவது. விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்வது. மாதக்கணக்கில் சவரிமுத்து விழுந்தான். விழுந்தவனைத் தூக்கிவிடவும் முறை இருந்தது. அதையும் பழக்கினார்.

அவர் உண்மையான வித்தையை மறைக்கிறார் என்ற சந்தேகம் அவனுக்கு வந்தது. முனிராஜிடம் சொன்னபோது அவனும் தலையாட்டினான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைச் சாத்திக்கொண்டு ஷமீனாவுக்கு மட்டும் தனியாக ஏதோ சொல்லிக்கொடுக்கிறார் என்றான்.

ஷமீனா பள்ளியின் மூத்த மாணவி. செல்போன் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. மாஸ்டர் வர முடியாத நாள்களில் அவள்தான் வகுப்பை நடத்துவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சவரிமுத்து கோயிலுக்குப் போகாமல் மாடிப்படி ஏறி வந்தான். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு, கதவின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தான்.

ஷமீனா விழுந்துகொண்டிருந்தாள். எழுந்து வந்து மறுபடியும் விழுந்தாள். மாஸ்டர் பக்கத்தில் நின்று, தோள் முதலில் படுகிறது, திருத்திக்கொள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சவரிமுத்து ரொம்ப நேரம் நின்றான். வேறு எதுவும் நடக்கவில்லை. தான் படியேறும் சத்தத்தைக் கேட்டுத்தான் இருவரும் பயிற்சியை மாற்றிக்கொண்டார்கள் என்று முடிவு செய்து இறங்கிப் போனான்.

பார்க்கக் கிடைக்காததை அவன் வரைந்தான்.

கருவேலனுக்குச் சமமான ஒரு பெண் கதைக்குள் வந்தாள். பெயர் சூலி. கத்தரித்த முடி. பிடிக்குமுன் இடது கையின் மடிப்பை ஏற்றிவிட்டுக்கொள்ளும் பழக்கம். தோற்றவர்கள் கெஞ்சிய பிறகுதான் அவள் உடைக்கவே ஆரம்பிப்பாள். கெஞ்சும்வரை காத்திருப்பாள். வாசகர்கள் கருவேலனை மறந்துவிட்டார்கள். எல்லோருக்கும் சூலி வேண்டியிருந்தது. அடுத்தது யாரை, எந்த எலும்பை என்று கேட்டு எழுதினார்கள். சவரிமுத்து அவர்கள் கேட்டதைக் கொடுத்தான்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் முனிராஜ் தன் போனை மாஸ்டரிடம் நீட்டினான். மாஸ்டரை மாதிரியே யாரோ ஒருத்தியை வரைந்திருக்கிறார்கள் பாருங்கள் என்றான். யார் வரைந்தது என்று அவனுக்குத் தெரியாது.

மாஸ்டர் மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்து படித்தார். சூலி வரும் இடத்தில் ஆரம்பிக்கவில்லை. முதல் கதைக்குப் போய் அங்கிருந்து படித்தார். மற்றவர்கள் உடை மாற்றிக்கொண்டு கிளம்பினார்கள். சவரிமுத்து பையின் ஜிப்பை மூடுவதும் திறப்பதுமாக நின்றான்.

கடைசியில் மாஸ்டர் போனை முனிராஜிடம் கொடுத்து அனுப்பினார். சவரிமுத்துவை உட்காரச் சொன்னார்.

“நீங்கதான் வரையறீங்களா சார்?”

அவனால் பொய் சொல்ல முடியவில்லை. எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டான். முதல் கதையில் பஸ் ஸ்டாண்டில் அறை வாங்குகிறவன் தாடையை மார்போடு ஒட்டாமல் விழுகிறான், நீங்களும் வந்த புதிதில் அப்படித்தான் விழுந்தீர்கள் என்றார் மாஸ்டர்.

சவரிமுத்து மன்னிப்புக் கேட்டான். சூலியைக் கதையிலிருந்து எடுத்துவிடுவதாகச் சொன்னான். மாஸ்டர், எதைக் கேள்விப்பட்டு அப்படி வரைந்தீர்கள் என்று மட்டும் கேட்டார். வடக்கே நடந்த பந்தயம், உடைந்த கை, எல்லாவற்றையும் சொன்னான். சொன்ன கையோடு கேட்டும்விட்டான்.

“அது உண்மையா மாஸ்டர்?”

“இல்லன்னு சொன்னா நம்புவீங்களா?”

அவன் யோசித்தான்.

“ஆமான்னு சொன்னா?”

“நம்புவேன்” என்றான். யோசிக்காமலே வந்துவிட்டது.

மாஸ்டர் எழுந்து ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்தார். அவன் பின்னாலேயே போனான். பல நாளாக மனதில் இருந்ததைக் கேட்டான்.

“இரக்கமே இல்லாத ஒருத்தனைப் பாத்தா மனசுக்கு ஏன் மாஸ்டர் இவ்வளவு இதமா இருக்கு? எனக்கு மட்டும் இல்ல. ஆயிரக்கணக்கான பேரு படிக்கிறாங்க.”

மாஸ்டர் கடைசி ஜன்னலின் கொக்கியைப் போட்டார்.

“எனக்குத் தெரியாது சார்” என்றார்.

சவரிமுத்து அதை நம்பவில்லை.

அவன் குரு சீடன் கதைகளும் படித்தவன். அந்தக் கதைகளில் எந்தக் குருவும் கேட்டவுடன் பதில் சொல்வதில்லை. தெரியாது என்பார். பிறகு ஒருநாள் சீடனை ஆற்றில் அமுக்குவார், அல்லது அவன் கிண்ணத்தை உடைப்பார். அதுதான் பதில். மாஸ்டரும் அப்படி ஏதோ செய்யப்போகிறார் என்று காத்திருந்தான்.

அதன்பின் அவர் செய்ததெல்லாம் அவனுக்குச் சந்தேகமாகவே இருந்தது. ஒருநாள் எல்லோருக்கும் டீ வந்தது, அவனுக்குக் கடைசியாகக் கொடுத்தார். அதில் என்ன இருக்கிறது என்று யோசித்தான். மேட்டைத் துடைக்கும்போது அவன் நின்ற இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் துடைத்தார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனான். ஷமீனா அவனைப் பார்க்கும் பார்வையும் மாறியிருந்தது. மாஸ்டர் அவளிடம் சொல்லியிருக்கிறார், இருவரும் சேர்ந்துதான் செய்யப்போகிறார்கள் என்று நினைத்தான்.

இப்படியிருக்கும்போது மாஸ்டர் கழுத்துப் பிடியைச் சொல்லிக்கொடுத்தார்.

பின்னால் மண்டியிட்டு, எதிராளியின் கழுத்தைச் சுற்றிக் கையைக் கொடுத்து, மறு கையால் பூட்ட வேண்டும். மூச்சுக்குழாயை நசுக்கக் கூடாது. இரண்டு பக்கமும் மூளைக்குப் போகும் ரத்தத்தைத்தான் அது நிறுத்துகிறது. சரியாகப் பிடித்தால் சீக்கிரமே மயக்கம் வந்துவிடும். அதனால் பிடிபட்டவர் போதும் என்று கையால் தட்டியதும் விட்டுவிட வேண்டும். தட்டுவது மேட்டில் இருக்கலாம், ஆள் மேலும் இருக்கலாம், சத்தமே வராமலும் போகலாம். உங்கள் கவனம் பிடியில் இருக்கக் கூடாது, பிடிபட்ட ஆளிடம் இருக்க வேண்டும் என்று மாஸ்டர் எல்லோருக்கும் சொன்னார்.

அன்றைக்கு முனிராஜ் வரவில்லை. பெங்களூருக்குச் சவாரி. எல்லோரும் ஜோடி சேர்ந்த பிறகு சவரிமுத்து தனியாக நின்றான். மாஸ்டர் வந்து அவன் முன்னால், கண்ணாடியைப் பார்த்தபடி கால் நீட்டி உட்கார்ந்தார்.

“வாங்க சார்.”

சவரிமுத்து பின்னால் மண்டியிட்டான். கையைக் கொடுத்தான். மாஸ்டர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். இப்போது சரி, மெதுவாக இறுக்குங்கள் என்றார்.

அவன் இறுக்கினான்.

கண்ணாடியில் மாஸ்டரின் முகம் தெரிந்தது. முதலில் எப்போதும்போலத்தான் இருந்தது. பிறகு நெற்றியில் ஒரு நரம்பு எழும்பியது. கன்னம் கருஞ்சிவப்பானது. அந்த முகத்தில் ஏதோ ஒன்று வர ஆரம்பித்தது. அது என்ன என்று அவனுக்குப் புரியவில்லை. இத்தனை வருஷமாக அவன் நூற்றுக்கணக்கான முகங்களை வரைந்திருக்கிறான். இது எதிலும் இல்லாத ஒன்று.

இதுதான் அது என்று தோன்றியது. தன் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் மாஸ்டர் கழுத்தைக் கொடுத்திருக்கிறார். முனிராஜ் வராததுகூட ஏற்பாடாக இருக்கலாம். அவசரப்பட்டு விட்டுவிட்டால் பதில் கிடைக்காது.

அவன் காத்திருந்தான். கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

மாஸ்டரின் கண்கள் மேலே போயின. உடம்பு அவன் நெஞ்சின் மேல் கனமாகச் சாய்ந்தது. நடிக்கிறார் என்று அவன் நினைத்தான். எவ்வளவு நேரம் நடிக்கிறார் பார்க்கலாம் என்றும் நினைத்தான். அவன் மனம் அமைதியாக இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பிறகு அப்படி ஓர் அமைதி அவனுக்கு வாய்த்ததில்லை.

அவன் விரல்களை யாரோ பிய்த்து எடுத்தார்கள். ஷமீனா.

“விடுங்க” என்றாள். சத்தம் போடவில்லை. ஆனால் அவளுடைய நகம் அவன் கையைக் கிழித்திருந்தது.

மாஸ்டரை மல்லாக்கப் படுக்க வைத்து, கால்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் மாஸ்டர் கண் திறந்தார். இருமினார். எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவரைப்போல மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். பிறகு தெரிந்துகொண்டார்.

சவரிமுத்து மண்டியிட்ட இடத்திலேயே இருந்தான். 

“நடிக்கிறீங்கன்னு நினைச்சேன் மாஸ்டர்” என்றான்.

மாஸ்டர் படுத்தபடியே அவனைப் பார்த்தார். பேச முயன்றார், குரல் வரவில்லை. நீங்கள் போகலாம் என்று கையால் காட்டினார்.

அவன் இறங்கிப் போகும்போது படியிலிருந்து திரும்பிப் பார்த்தான். ஷமீனா மாஸ்டருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். 

சவரிமுத்து பல வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. அச்சகத்தில் பெயர்களைத் தப்பாக அடித்துத் திட்டு வாங்கினான். கருவேலனையும் சூலியையும் தொடவில்லை. போனில் பழைய கதைகளைத் திறந்தால், இமைக்காத அந்த முகம் இப்போது அவனைத் திருப்பிப் பார்ப்பதுபோல இருந்தது. மூடிவிடுவான்.

நாள் போகப் போக, நடந்ததற்கு அவன் மனதில் ஓர் அர்த்தம் உருவானது. மாஸ்டர் வேண்டுமென்றேதான் தட்டாமல் இருந்திருக்கிறார். இரக்கமில்லாதவனைப் பார்த்தால் ஏன் இதமாக இருக்கிறது என்று கேட்டவனுக்கு, அந்த இரக்கமில்லாதவனைக் கண்ணாடியிலேயே காட்டிவிட்டார். தன் உயிரை வைத்துக் காட்டியிருக்கிறார். எப்பேர்ப்பட்ட குரு. நினைக்க நினைக்க அவனுக்குக் கண் கலங்கியது. அவரைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கப்பட்டான். தனக்கு ஒரு பெரிய பாடம் கிடைத்துவிட்டது என்று நெஞ்சு நிறைந்தது.

ஒருநாள் செலினிடம் எல்லாவற்றையும் சொன்னான். கருவேலனை வரைவது தான் என்பதையே அன்றுதான் சொன்னான். அது எனக்கு முன்னாடியே தெரியும் என்றாள் அவள். மாஸ்டர் தட்டாமல் இருந்த கதையை அவன் தழுதழுத்துச் சொல்லி முடிக்கும்வரை கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“உனக்குப் புரியணும்னு அவங்க எதுக்கு உயிரைக் குடுக்கணும்?” என்றாள்.

குருமார்கள் அப்படித்தான், உனக்கு அது புரியாது என்றான் சவரிமுத்து. செலின் மறுபடியும் கீரைக்குத் திரும்பினாள். அவள் முகத்தில் இருந்தது நம்பிக்கை அல்ல என்று அவனுக்குத் தெரிந்தது. முதல்முறையாக அது அவனைத் தொந்தரவு செய்யவில்லை.

அந்த வாரமே கருவேலன் கதை முடிந்தது என்று வாசகர்களுக்கு அறிவித்தான். சிலர் திட்டினார்கள். சிலர் கெஞ்சினார்கள். அவன் கணக்கையே மூடிவிட்டான். பிறகு ஒரு பை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனான்.

வகுப்பு முடிந்திருந்தது. ஷமீனா மேட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் துடைப்பதை நிறுத்தினாள், பிறகு குனிந்து தொடர்ந்தாள். மாஸ்டர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றியிருந்தார்.

சவரிமுத்து பையை அவர் காலருகே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். மேலே உட்காரச் சொன்னார். மறுத்துவிட்டான்.

மனதில் சேர்த்து வைத்ததை எல்லாம் சொன்னான். வரைவதை விட்டுவிட்டதைச் சொன்னான். நீங்கள் அன்று எனக்குக் காட்டியதை இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன் என்றான். சொல்லும்போதே அழுதான். மாஸ்டர் அவன் முகத்தைத் துடைத்துக்கொள்ளும்வரை காத்திருந்தார்.

“நான் எதையும் காட்டல சார்” என்றார். குரல் இன்னும் கரகரத்தது. “அன்னைக்கு முனிராஜ் வரல. அதனால நான் உக்காந்தேன்.”

சவரிமுத்து கண்ணீரோடு சிரித்தான். இப்படித்தான் சொல்வார் என்று அவன் எதிர்பார்த்திருந்தான்.

“நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க மாஸ்டர். ஆனா கடைசிவரைக்கும் ஏன் தட்டாம இருந்தீங்கன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு.”

“தட்டினேன்.”

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. முதலில் சந்தேகம்தான் வந்தது. பொய் சொல்கிறார், இதிலும் ஏதோ இருக்கிறது என்று நினைத்தான். ஷமீனாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் நிமிரவில்லை. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“சத்தம் எதுவும் கேக்கலையே மாஸ்டர்.”

“மேட்டுக்குக் கை எட்டல.”

“அப்போ எங்க தட்டினீங்க?”

மாஸ்டர் அவன் மடியில் கிடந்த கையைப் பார்த்தார்.

“உங்க கையிலதான் சார்” என்றார்.